மீற்றரைப் பார்த்து ஒயில் விடாதேங்கோ!

முன்குறிப்பு: கொஞ்சம் சூடான பதிவு. கராஜ் வைச்சிருக்கிற நண்பர்கள் கோவிக்கக் கூடாது. கோவிக்கிறதெண்டாலும் கடைசி வரைக்கும் வாசிச்சுப்போட்டுக் கோவியுங்கோ :-)

எங்கட சனத்துக்கு மூண்டு விசயத்தில சந்தேகமே வராது. ஒண்டு அரசியல். ரெண்டு காய்ச்சலுக்குக் கைமருந்து. மூண்டாவது, பழைய காருக்கு எந்த ஒயில் நல்லது எண்டது. முதல் ரெண்டைப் பற்றியும் பதிவுகளில போதுமான அளவு அடிபட்டாச்சு. மூண்டாவதை ஒருத்தரும் தொடக் காணேல்லை. அதால நான் தொடுறன்.

சண்டை எதோட எண்டதை முதலே சொல்லிப்போடுறன். "ஹைபிரிட் கார் ஒண்டரை லட்சம் கிலோமீற்றர் தாண்டிட்டுதெண்டா அந்தத் தண்ணி ஒயிலை விட்டுட்டுத் தடிச்ச ஒயிலுக்கு மாறவேணும், எங்கட வெயிலுக்கு அதுதான் சரி" எண்ட வேதவாக்கோடதான் என்ர சண்டை. வவுனியாவில இருந்து பருத்தித்துறை வரைக்கும் எந்தக் கராஜுக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுகினம். கலியாண வீட்டில பக்கத்துக் கதிரையில இருக்கிறவரும் இதைத்தான் சொல்லுறார். எல்லாரும் சொல்லுகினம் எண்டதைத் தவிர இதுக்கு வேற ஆதாரம் கேட்டா ஒருத்தரிட்டயும் இல்லை.

ஒயில்தானே, இதுக்கேன் இவ்வளவு கோவம் எண்டு கேட்பியள். டொயோட்டா அக்குவா 2011 டிசம்பரில ஜப்பானில வந்தது. மூண்டாம் தலைமுறைப் பிரியஸ் 2009இல் வந்தது. ரெண்டும் பாவிச்ச கார்களாக் கப்பல் கப்பலா இங்க வந்து இறங்கிச்சுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. இடையில 2022இல் டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் பாய்ஞ்சுது. திறந்த பிறகும் வரியைக் கேட்டாத் தலை சுத்தும். ஆக, இண்டைக்கு எங்கட ரோட்டில ஓடுற 2012ஆம் ஆண்டு அக்குவா வெறும் கார் இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒராளின்ர பணிக்கொடைக் காசு அது. ஹயர் ஓடுற பெடியன் ஒருத்தன்ர வீட்டு அடுப்பு அது. எஞ்சின் போச்செண்டா அதை மாத்துறதுக்குக் கடன் படவேணும், வேற கார் வாங்கிறதைப் பற்றி நினைக்கவும் ஏலாது. அந்தக் காருக்குள்ள என்னத்தை ஊத்திறம் எண்டதை வாய்வழிக் கதையை நம்பி முடிவெடுக்கலாமோ?

இனி ஒவ்வொரு வாதமா எடுப்பம்.

வாதம் 1: "மீற்றர் கூடிட்டுது, ஒயிலை மாத்து"

எந்த மீற்றர் அண்ணை? ஜப்பானில ஒருக்கா, இங்க வந்து ஒருக்கா எண்டு கையால பின்னுக்குச் சுத்தின மீற்றரோ? ஏல விற்பனைத் தாளைப் பார்க்காமக் கார் வாங்கின ஆரும் தன்ர கார் உண்மையில எவ்வளவு ஓடினதெண்டு நெஞ்சில கைவைச்சுச் சொல்லேலாது. ஒரு பொய் இலக்கத்தை வைச்சு எடுக்கிற முடிவு எப்பிடி மெய்யாகும்?

சரி, மீற்றர் மெய் எண்டே வைப்பம். ஹைபிரிட்டில மீற்றர் காட்டுறது சில்லு உருண்ட தூரத்தை, எஞ்சின் ஓடின தூரத்தை இல்லை. கொழும்பு நெரிசலுக்குள்ள ஓடின அக்குவாவின்ர எஞ்சினும் ஏ9 பாதையில ஓடித் தேய்ஞ்ச அக்குவாவின்ர எஞ்சினும் ஒரே மீற்றரில ஒரே நிலையில இருக்காது. எஞ்சினுக்கு வயசு எவ்வளவு எண்டு டாஷ்போட்டுக்குத் தெரியாது. தெரிஞ்ச சாமான் ஒண்டுதான். பொனற்றைத் திறந்தா உள்ளுக்க நிக்கிற ஒயில் கம்பி. அதுக்குப் பிறகு வருவம்.

வாதம் 2: "0டபிள்யூ-20 குளிர் நாட்டு ஒயில்"

இதுதான் கனபேரை ஏமாத்துற வாதம், ஏனெண்டா கேட்க நியாயமா இருக்கு. அந்த டபிள்யூ எண்டது வின்ரர்தான். 0டபிள்யூ எண்டா -35 பாகையிலயும் எஞ்சினைச் சுத்த விடுற ஒயில். 20டபிள்யூ எண்டா -15 பாகையில. யாழ்ப்பாணத்தில அந்தக் குளிர் வரப்போறேல்லை, சரி. ஆனா உங்களுக்குத் தேவையில்லாத ஒரு நல்ல குணம் ஒயிலில இருக்கிறதால ஒயில் கூடாததாப் போயிடுமோ? நீந்தத் தெரிஞ்ச சாரதியை மழைக்காலத்துக்கு மட்டும்தான் வைச்சிருப்பியளோ?

கடைசியா நிக்கிற 20தான் சூட்டில தடிப்பு எவ்வளவு எண்டதைச் சொல்லுறது. அதை அளக்கிறது 100 பாகையில. ஹொக்கைடோவில ஓடினாலும் கொக்குவிலில ஓடினாலும், எஞ்சினைத் தேமொஸ்ரற் கிட்டத்தட்ட ஒரே சூட்டிலதான் வைச்சிருக்கும். வெளியில 0 பாகையோ 34 பாகையோ எண்டது ஒயிலின்ர சூட்டைக் கொஞ்சம்தான் அசைக்கும்.

இனி ஒரு கணக்கு. 100 பாகையில 20 எண்ட ஒயிலின்ர பிசுக்குமை 6.9இல இருந்து 9.3 சென்ரிஸ்ரோக் வரை. 50 எண்ட ஒயில் 16.3இல இருந்து 21.9 வரை. "பாத்தியளோ, 50 எவ்வளவு தடிப்பு!" எண்டு குதிக்காதேங்கோ. நீங்கள் தண்ணி எண்டு நக்கலடிக்கிற 0டபிள்யூ-20, எங்கட காலைநேர 30 பாகையில 60 சென்ரிஸ்ரோக்குக்கு மேல நிக்குது. அதாவது ஆறின 0டபிள்யூ-20, கொதிக்கிற 20டபிள்யூ-50ஐ விட மூண்டு மடங்கு தடிப்பு! காரை எடுக்கிற முதல் நிமிசங்களில எந்த ஒயிலும் தேவைக்கு மேல தடிப்பாத்தான் இருக்கும். அதில இன்னும் தடிப்பைக் கூட்டிறது, ஏற்கெனவே தூக்கேலாமத் தூக்கிறவன்ர தலையில இன்னொரு மூட்டை வைக்கிற வேலை.

ஹைபிரிட்டில இது இன்னும் முக்கியம். திருநெல்வேலியில இருந்து ரவுணுக்குப் போய் வாறதுக்குள்ள எஞ்சின் எத்தினை தரம் நிண்டு எழும்புது எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. ஒவ்வொரு தரமும் உள்ளுக்கிருக்கிற மின்மோட்டர் எஞ்சினை 1000 சுற்றுக்குக் கிட்டக் கொண்டுபோய்த்தான் பெற்றோலைக் குடுக்கும். அந்த நேரத்தில கெதியா ஓடிப்போய்ச் சேருற ஒயில்தான் வேணும். அதோட வால்வு நேரத்தை மாத்துற வி.வி.ரி-ஐ அமைப்பும், ரைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற ரென்சனரும் ஒயில் அமுக்கத்தில வேலை செய்யிறவை. அந்த வழிகளை 20 எண்ட ஒயிலை நினைச்சுத்தான் செய்து வைச்சிருக்கு.

வாதம் 3: "ஒயில் குறையுது, தடிச்சதை விட்டா நிக்கும்"

மூண்டாம் தலைமுறைப் பிரியஸ் ஒயில் குடிக்கிறது ஊரறிஞ்ச கதை. காரணம் ஒயில் மெல்லிசு எண்டது இல்லை. பிஸ்ரன்ல இருக்கிற ஒயில் ரிங்குகள் கரி பிடிச்சு ஒட்டிப்போகுது. ஒட்டின ரிங் சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலை வழிச்சு இறக்காது, அது பெற்றோலோட சேர்ந்து எரியுது. தடிச்ச ஒயிலை விட்டா எரியிற வேகம் கொஞ்சம் குறையலாம். ஒட்டின ரிங் கழருமோ? இல்லை. எரிஞ்ச ஒயிலின்ர சாம்பல் புகைக் குழாயில இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுக்கிறது நிக்குமோ? அதுவும் இல்லை.

என்ர மச்சான்ர பிரியஸ் கதை இதுதான். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறைஞ்சுகொண்டு இருந்தது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் கம்பியை இழுத்துப் பார்த்து விட்டுக்கொண்டு இருந்தவர். ஒரு கராஜில 20டபிள்யூ-50 ஊத்திப்போட்டு, "இனி இந்தப் பக்கம் பார்க்கவே தேவையில்லை அண்ணை" எண்டு சொல்லி அனுப்பினாங்கள். மனுசன் நம்பிப் பார்க்கிறதை விட்டுட்டார். மூண்டு மாதத்தால மாங்குளம் தாண்ட ஒயில் லைற் பத்திச்சுது. கம்பியை இழுத்தா துடைச்ச துணி மாதிரிக் காய்ஞ்சுபோய் வருது. எஞ்சின் தட்டத் தொடங்கிட்டுது. அந்த லைற் அமுக்கம் விழுந்தாப் பிறகு பத்திறது. மட்டம் குறையுது எண்டு முன்கூட்டிச் சொல்லுற லைற் இல்லை அது. அது பத்தேக்க பியரிங்குக்குப் பால் தெளிக்கிற நேரம் வந்திடும்.

தடிச்ச ஒயில் அந்த எஞ்சினைக் கொண்டதெண்டு நான் சொல்லேல்லை. "பார்க்கத் தேவையில்லை" எண்ட வார்த்தைதான் கொண்டது. என்ர கோவம் முழுக்க அதிலதான்.

இதில இன்னொரு கணக்கும் இருக்கு. டொயோட்டாவின்ர கைநூல்களே ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரைக்கும் ஒயில் குறையலாம் எண்டு எழுதி வைச்சிருக்கு. அக்குவாவின்ர எஞ்சினுக்குள்ள பில்டரோட சேர்த்துப் போறதே 3.7 லீற்றர். அதாவது, கம்பனி ஒத்துக்கொள்ளுற அளவிலயே ஒரு எஞ்சின் குடிச்சால், அடுத்த 5000 கிலோமீற்றர் சேர்விசுக்கு முதலே ஒயில் முடிஞ்சிடும்! "சேர்விசுக்குச் சேர்விஸ் ஒயில் மாத்திறனான்" எண்டு பெருமைப்படுறவை இந்த வசனத்தை ரெண்டாம் தரம் வாசிக்கவும்.

வாதம் 4: "ஹைபிரிட்டில எஞ்சின் பாதி நேரம் ஓடாது, ஒயில் ரெட்டிப்பு நாள் வரும்"

இது மற்றப் பக்கத்து மூடநம்பிக்கை. எஞ்சின் பாதி நேரம் நிக்கிறதாலதான் ஒயில் ஒழுங்காச் சூடேறுறேல்லை. சூடேறாட்டி எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலுக்குள்ளயே தங்கும். நீண்ட ஓட்டம் ஓடினா அது ஆவியாப் போயிடும். ரவுணுக்குள்ள மூண்டு கிலோமீற்றர் போய் நிப்பாட்டினா எங்க போறது? டொயோட்டா ஜப்பானில சாதாரண ஓட்டத்துக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருசம் எண்டு சொல்லுது. கடினமான ஓட்டத்துக்கு அதில பாதி, அதாவது 7,500 அல்லது ஆறு மாதம். எட்டுக் கிலோமீற்றருக்குள்ள முடியிற குறுகின ஓட்டங்களையே திரும்பத் திரும்ப ஓடுறது அந்தக் கடின ஓட்டக் கணக்கிலதான் வருது. எங்கட ஊர் ஓட்டம் அச்சொட்டா அதுதான். அதோட புழுதி வேற.

அப்ப ஏன் எல்லாரும் தடிச்ச ஒயில் பாட்டுப் பாடுகினம்?

ரெண்டு காரணம். முதலாவது பழக்கம். கராஜ் அண்ணைமார் தொழில் பழகினது லான்சரிலயும் பழைய கொரோலாவிலயும் ஹயஸ் வானிலயும். அதுகளுக்கு அது சரி. அவையின்ர கைத்திறமையில எனக்குக் குறையில்லை. ரெண்டாவது, மூலையில நிக்கிற பரல். வானுக்கும் லொறிக்கும் விடுற 15டபிள்யூ-40 பரலில இருக்கு. உங்கட ஒரு காருக்காக 0டபிள்யூ-20 கான் வாங்கி வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து? வியாபாரத்தை அறிவுரை எண்டு விக்கிறதைத்தான் நான் ஏற்கமாட்டன்.

மற்றப் பக்கத்தில விலை கூடின கடையள். "ஹைபிரிட் ஸ்பெசல்" எண்டு இலை படம் போட்ட போத்தல், எஞ்சினைக் கழுவுற மருந்து, தேய்மானத்தைக் குணமாக்கிற திரவம். டொயோட்டாவின்ர கைநூல் கேட்கிறது தடிப்பு எண்ணும் தரமும் மட்டும்தான். இலை படம் கேட்கேல்லை. கழுவுற மருந்து இன்னும் மோசம். வருசக்கணக்காப் படிஞ்ச அழுக்கை ஒரேயடியாக் கிளப்பினா, அது ஒயில் உறிஞ்சிற வலையில போய் அடைக்கிற ஆபத்து இருக்கு. ஏழையிட்டத் தடிச்ச ஒயில், காசுக்காரனிட்ட இலை படம். ரெண்டு பேரிட்டயும் ஒருத்தரும் கம்பியைப் பார்க்கச் சொல்லுறேல்லை.

சரி, நீ என்ன சொல்லுறாய்?

1. எஞ்சினில எழுதியிருக்கிறதை விடுங்கோ. கைநூல் ஜப்பான் மொழியில இருக்கு, விளங்கேல்லை எண்ட சாட்டுச் செல்லாது. இலக்கம் எல்லா மொழியிலயும் இலக்கம்தான். பல டொயோட்டாக்களில ஒயில் விடுற மூடியிலயே 0டபிள்யூ-20 எண்டு பொறிச்சிருக்கு.

2. போத்தலின்ர பின்பக்கத்தை வாசியுங்கோ. ஏபிஐ எஸ்.பி (2020இல் வந்தது) அல்லது எஸ்.கியூ (2025இல் வந்தது), அல்லது இல்சாக் ஜி.எஃப்-6, ஜி.எஃப்-7 எண்டு இருந்தாப் போதும், எந்த நல்ல கம்பனி எண்டாலும் சரி. எஸ்.எஃப் எண்டு போட்ட மலிவுக் கானைக் கண்டா ஓடுங்கோ. அது 1988க்குப் பிறகு வந்த பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பொருந்தாத தரம்.

3. அளந்து விடச் சொல்லுங்கோ. அக்குவாவுக்கு 3.7 லீற்றர், மூண்டாம் தலைமுறைப் பிரியசுக்கு 4.2. கான் 4 லீற்றர் எண்டதால அக்குவாவுக்கு முழுக் கானையும் கவிழ்க்கிற பழக்கம் இருக்கு. மிச்சத்தை வீட்டை கொண்டு வாங்கோ, இடையில விட உதவும்.

4. எங்கட ஓட்டத்துக்கு, பழைய எஞ்சினுக்கு, 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். எது முதல் வருதோ அது.

5. கொப்பி ஒண்டு வைச்சு, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்காவாவது கம்பியைப் பாருங்கோ. சமதரையில விட்டு, எஞ்சினை நிப்பாட்டி அஞ்சு நிமிசம் பொறுத்து இழுங்கோ. மட்டம் குறைஞ்சா எரியுது அல்லது கசியுது. மட்டம் கூடினா பெற்றோல் கலக்குது, மணந்து பாருங்கோ. மூடிக்குக் கீழ பால் மாதிரி இருந்தா ஈரம். கூலன்ற்றும் குறையுதெண்டா ஹெட் கஸ்கெற்றைக் காட்டுங்கோ, தள்ளிப்போடாதேங்கோ.

"அப்ப 0டபிள்யூ-20ஐ விட்டா வேற ஒண்டும் விடவே கூடாதோ?" எண்டு ஆரும் கேட்பினம். நான் மதம் பரப்ப வரேல்லை. 2004 - 2009 காலத்துப் பிரியசுக்கு அமெரிக்கக் கைநூல் சொன்னது 5டபிள்யூ-30. அதில இருந்தது அக்குவாவின்ர அதே குடும்ப எஞ்சின்தான். ஆக ஒரு படி ஏறுறது பாவம் இல்லை. ஆனா ஏறுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. மூண்டு மாதம் கொப்பியில எழுதுங்கோ. வெளியில கசிவு இல்லை எண்டு பாருங்கோ. விலை குறைஞ்ச பி.சி.வி வால்வு அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ, அது அடைச்சாலும் ஒயில் குறையும். எல்லாம் சரியா இருந்தும் குறைஞ்சா 5டபிள்யூ-30 விட்டு, திரும்ப எழுதி, ரெண்டு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. வித்தியாசம் இல்லாட்டிப் பிழை ஒயிலில இல்லை, ரிங்கில. அதுக்குப் போத்தலில மருந்து இல்லை, எஞ்சினைப் பிரிக்க வேணும். ஒரேயடியா 20டபிள்யூ-50க்குப் பாயுறதுக்கு மட்டும் இந்த ஒழுங்கில இடமில்லை.

கடைசியா, அடிக்கடி மாத்து எண்டு சொன்னவன் கழிவு ஒயிலைப் பற்றியும் சொல்லவேணும். எங்கட குடாநாட்டுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழ நிக்கிற கிணத்துத் தண்ணிதான் எல்லாம். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்ததை மறந்திருக்க மாட்டியள். உங்கட காரில இருந்து இறங்கிற நாலு லீற்றர் எங்க போகுதெண்டு கராஜில கேளுங்கோ. வேலியோரத்தில ஊத்துற கராஜ் எண்டா, எவ்வளவு நல்ல மெக்கானிக் எண்டாலும் அடுத்த முறை அங்க போகாதேங்கோ.

இவ்வளவு நீட்டினதின்ர சாரம் சின்னன். பழைய ஹைபிரிட்டுக்கு நல்ல ஒயில் எண்டது, சரியான எண் போட்ட, நேரத்துக்கு மாத்தின, மட்டம் பார்த்த ஒயில். அதில மட்டம் பார்க்கிறதுதான் முக்கியம், அதுக்குச் செலவும் இல்லை.

பி.கு: பின்னூட்டத்தில "நான் பத்து வருசமா 20டபிள்யூ-50 விடுறன், ஒண்டும் ஆகேல்லை" எண்டு எழுதப்போற நண்பர்களுக்கு: வாழ்த்துக்கள். ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு குறையுதெண்ட கணக்கையும் சேர்த்து எழுதுங்கோ. கணக்கு இல்லாத பின்னூட்டத்துக்குப் பதில் கிடையாது :-)